மேரிஜோசப்பின்ரை தோல்துண்டு

ஐயா, தேத்தண்ணி ஆறமுன்னம் குடியுங்கோ. சண்டையாலை சீனி இல்லை, பனங்கட்டிதான் கடிக்கவேணும்.

ஊர்காவற்றுறைப் பக்கத்திலை தோலுக்குச் சாயம் ஏத்தத் தெரிஞ்ச ஒரே ஆள் இந்த மனுவேல்தான். நோயாளியின்ரை தோலிலை வெட்டின துண்டை மெழுகிலை இறுக்கி, வெங்காயச் சருகு மாதிரிச் சீவிக் கண்ணாடியிலை ஒட்டுவன். சிவப்புச் சாயம் ஊத்திச் சூடுகாட்டி, அமிலத்திலை கழுவி, பிறகு நீலம். குட்டநோய்க் கிருமி இருந்தால் அது மட்டும் சிவப்பாய் நிக்கும். எங்கட ஆசுப்பத்திரி டொக்டர் மைக்குறோஸ்கோப்பிலை பாத்து, தானே கண்டுபிடிச்ச மாதிரித் தலையாட்டுவார். பெரிய படிப்பெல்லே.

முப்பத்தாறிலை நெடுந்தீவு மேரிஜோசப்பினைப் பெண் கேட்டனான். "இந்த நீலக்கையோடை பக்கத்திலை இருந்து சோறு தின்ன என்னாலை ஏலாது" எண்டு சிரிச்சவ. நல்ல பகிடி. நானும் சிரிச்சனான்.

பிறகு அவவைச் சந்தியோகு எண்டவனுக்குக் கலியாணம் பேசி முடிச்சினம். அவனிட்டை வள்ளம் இருக்கு, கையும் சுத்தம். அவவின்ரை முழங்கையிலை வெளுத்த தேமல் ஒண்டைக் கண்டு, வரப்போற மாமி சோதிச்சுப்போட்டு வா எண்டு அனுப்பினா.

"மனுவேலண்ணை, கெதியாய்ப் பாத்துச் சொல்லுங்கோ. வாற ஞாயிறு கோயிலிலை கலியாணத்துக்கு எங்கட பேர் வாசிக்கினம்" எண்டா.

அண்ணையாம். எனக்கு விசர்தான் வந்தது.

அவவின்ரை துண்டுக்கு ஒழுங்காய்ச் சாயம் ஏத்தினனான். ஒரு சிவப்புப் பொட்டும் இல்லை, வடிவான நீலம். அதைக் குப்பையிலை போட்டன். அலுமாரியிலை பழைய குட்டநோயாளி ஒருத்தன்ரை கண்ணாடி கிடந்தது, கிருமி குவிஞ்சு. அதிலை இவவின்ரை பேரை ஒட்டி நீட்டினன். டொக்டர் பாத்தார், தலையாட்டினார், கையெழுத்து வைச்சார். நான் வாய்திறந்து ஒரு பொய் சொன்னனானோ?

குட்டநோய்க்காரரை அடைச்சு வைக்கிற ஆசுப்பத்திரிக்கெண்டு துறையிலை பொலிசு வள்ளத்திலை ஏத்தேக்கை, "எனக்கு ஒண்டும் இல்லை, அண்ணை, திரும்பப் பாருங்கோ" எண்டு அழுதவ. ஒருக்காப் பாத்ததைத் திரும்பப் பாக்கிற வழக்கம் இல்லையெண்டு ஆறுதலாய்ச் சொல்லி அனுப்பினனான். சந்தியோகு அடுத்த மாரிக்குள்ளை வேறை இடத்திலை கலியாணம் கட்டிப்போட்டான். அவ்வளவு பாசம்.

இப்ப அந்தக் குட்ட ஆசுப்பத்திரி டொக்டர் நீங்கள் இவ்வளவு தூரம் வந்து விசாரிக்கிறியள். நீங்கள் முதல் சோதிக்கேக்கை அவவுக்கு நோயே இல்லையாம், வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்டும் மேலிடம் அசையேல்லையாம். ஓம் ஐயா, நோய் இல்லைத்தான். நான்தான் கண்ணாடியை மாத்தினனான். ஆனால் இவ்வளவு வருஷமாய் நோயாளியளோடை இருந்ததிலை, போன மாதம் அவவின்ரை தோலிலை கிருமியைக் கண்டனான் எண்டு சொன்னதும் நீங்கள்தானே.

அப்ப நான் குடுத்த கண்ணாடியிலை என்ன பிழை? அது கொஞ்சம் முந்தி வந்திட்டுது.