நோவு ஒட்டாத ரத்தம்

...அட, தள்ளிலாம் ஒக்கார வேணாங்க, எடம் தாராளமா கீது. பஸ்சு இப்ப நகராது. இட ஒதுக்கீட்டு மறியலாம், கள்ளக்குறிச்சி தாண்டுனதுமே ரோட்ல ஒக்காந்துட்டாங்க. அவங்க ஞாயம் அவங்களுக்கு. என் ஞாயத்த யாரு கேக்கறா? நீங்க கேளுங்க. சங்கராபுரம் போறேன், எம்பொண்ணு இலக்கியாவுக்குப் பாத்த மாப்ள வூட்டுக்கு. இன்னிக்கி வந்து பதில் சொல்லு, இல்லன்னா வேற எடம் பாத்துக்கறோம்னுட்டாங்க.

இன்னா பதிலா? சொன்னா சிரிப்பீங்க. நான் எங்க வூட்டுக்காரரு கூட வாழ்ந்தேனா இல்லியான்னு.

அவரு லாரி ஓட்டுனவரு. ரெண்டு வருசம் முன்னாடி ரத்தத்துல எச்.ஐ.வி.ன்னுட்டாங்க... மாஸ்க்க ஏன் ஏத்தறீங்க? இது காத்துல வராதுங்க, கொரோனா இல்ல. மாத்திரை போட்டுக்கினு நல்லாதான் இருக்காரு. எனக்கும் எடுத்துப் பாத்தாங்க. இல்ல. மறுபடியும் பாத்தாங்க. அப்பவும் இல்ல. வருசக்கணக்கா ஒரே பாய், ஒண்ணும் ஒட்டலியே. நர்சம்மா பேப்பரப் பாக்குது, என் மூஞ்சியப் பாக்குது, திரும்ப பேப்பரப் பாக்குது.

எம்மாமியா பெரியம்மாள்னு ஒண்ணு இருக்குது. எம்மவனுக்கு இருக்குது, இவளுக்கு இல்லியாம், அப்ப இவ எங்க அவங்கூட வாழ்ந்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுது. வந்திருந்தா நாந்தான் குடுத்தேன்னு சொல்லியிருக்கும். வராததும் தப்பா? மாப்ளயோட அம்மாவும் அதயே புடிச்சிக்கிச்சி. நோவப் பத்திப் பேச்சே இல்ல, பையன் நர்சிங் படிச்சவன், வெவரம் தெரியும். அம்மாளே வாழல, பொண்ணு எங்க வாழப்போவுதுன்னு அந்தம்மாவுக்குச் சந்தேகம்.

காலையில டாக்டரு கிட்டயே கேட்டுட்டேன். ரத்தத்துல காவக்காரனுங்க இருக்கானுங்களாம். அவனுங்க எப்படி வேல பாக்கணும்னு அப்பா அம்மா குடுத்த ஜீன்லயே இருக்குமாம். சிலருக்கு அந்தக் கிருமி நுழையற கதவே தொறக்காதாம். சிலருக்கு காவக்காரன் சீக்கிரமே அடையாளங் கண்டு அமுக்கிடுவானாம். உனக்கும் அப்டி இருக்கலாம்மா, அதிஷ்டமாவும் இருக்கலாம், சோதிச்சாதான் தெரியும், அதுக்குன்னு அஜாக்கிரதையா இருக்காதேன்னாரு. மாப்ள வூட்டுக்குப் போன்ல நானே சொல்றேன்னுட்டாரு. எனக்குக் காலு தரையில நிக்கலங்க. அம்மா வூட்ல ஒரு மூக்குத்தி தவுர ஒண்ணும் போடலன்னு இத்தினி வருசமா கொறப்பட்டுக்கினு இருந்தேன். பாத்தா, ரத்தத்துலயே போட்டு அனுப்பிச்சிருக்காங்க.

இன்னாது? மாமியாளுக்கு யாரு சொன்னதா? அத ஏன் கேக்கறீங்க... எனக்கு இல்லன்னு வந்தா கூழு ஊத்தறேன்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினேன். கொரோனாவுக்கு முந்துன ஆடியில ஊத்துனேன். எங்க களமருதூர்ல கூழு ஊத்தறவங்க பேரையும் வேண்டுதலையும் பூசாரி மைக்குல சொல்லுவாரு. அவரு பாட்டுக்கு நோய் நொடி இல்லாமன்னு பொத்தாம்பொதுவா சொன்னாரு. எனக்குச் சந்தோசம் தாங்கல. மைக்க வாங்கி நானே வெலாவாரியா சொல்லிட்டேன். நாலு தெருவுக்கும் கொழா ஸ்பீக்கரு கட்டியிருந்தாங்க. சொல்லும்போது நல்லாதான் இருந்துச்சி.

எங்க வூட்டுக்காரரா? தோ, பின்னாடி கம்பியப் புடிச்சிக்கினு நிக்கிறாரே, நீலச் சட்ட. அவருதான்.

ஏங்க, எங்க எழுந்துட்டீங்க? சங்கராபுரம் இன்னும் வரலியே. பஸ்சே நகரலியே...

எறங்கியே போயிட்டாங்க.

ஏங்க, பின்னாடி நிக்கிறீங்களே, உங்களத்தான், இங்க வாங்க. ஜன்னல் சீட்டு காலி. ம், ஒக்காருங்க. அப்டி ஓரமா இல்ல, நெருங்கி ஒக்காருங்க. இன்னும் நெருங்கி. மறியல் பண்றவங்க அத்தினி பேரும் நல்லாப் பாக்கட்டும்.