அண்ணியின் தோள்

எப்படி உட்கார்ந்தாலும் பரவாயில்லை, ஒரே மாதிரி உட்காராதீர்கள். என்னிடம் கழுத்துவலி என்று வருகிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். நீங்களும் என்னை விசாரிக்க வந்ததிலிருந்து பிடித்துவைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நான் இயன்முறை மருத்துவர். தசைகளுக்கு மேல் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று தலை முதல் கால் வரை போர்த்தியிருக்கிறது. ஃபாசியா என்போம். அசைந்துகொண்டே இருந்தால் அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். சும்மா வைத்திருந்தால் ஈரத்தோடு மடித்துவைத்த துணிபோல ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எலும்பு நன்றாக இருந்தும் கை தூக்க வராது.

அண்ணி நீச்சல் பயிற்சியாளர். குளக்கரையில் வழுக்கி விழுந்து வலது தோள் நழுவிவிட்டது. மருத்துவமனையில் மூட்டைச் சரிசெய்து, கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டி, சில வாரம் கழித்துக் கையை அசைக்கத் தொடங்கச் சொன்னார்கள். "வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியில எதுக்கு அலையணும்?" என்றான் அண்ணன். நானும் சரி என்றேன்.

விழுவதற்கு முந்தின வாரம்தான் அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அண்ணனும் கூடப் போவதாக இருந்தான். என்னிடம் யாரும் கேட்கவில்லை. சாப்பிடும்போது, உப்பு எடு என்கிற மாதிரி சொன்னார்கள். அம்மா போனபிறகு அந்த வீட்டைக் கட்டிக்காத்தவள் நான். நேற்று வந்தவள் அண்ணனையும் அள்ளிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு அவளைப் பிடிக்காது. அதை மறைக்கப்போவதில்லை.

நான் எதையும் உடைக்கவில்லை. தூளியை அவிழ்க்கவில்லை, அவ்வளவுதான். மற்றவர்களிடம், "கொஞ்சம் வலிச்சாலும் பரவாயில்ல, மெதுவா நகர்த்துங்க" என்பேன். இவளிடம் மட்டும் மாற்றிச் சொன்னேன்.

"எப்போ தண்ணியில இறங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வலிச்சா, உடம்பு வேணாம்னு சொல்லுதுன்னு அர்த்தம் அண்ணி. நல்லா ஓய்வெடுங்க."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மாதங்கள் போயின. கை இடுப்பு உயரத்துக்கு மேல் போக மறுத்தது. நான்தான் தலை வாரிவிட்டேன், ரவிக்கை மாட்டிவிட்டேன். "என் தங்கச்சி மாதிரி யாருக்கு வாய்க்கும்?" என்று அண்ணன் பக்கத்து வீட்டாரிடம் சொன்னான். ஊருக்குப் போகிற பேச்சும் நின்றது. வேலியே பயிரை மேய்ந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். உடம்பைச் சிதறாமல் பிடித்துவைப்பது எலும்பில்லை, அந்தச் சவ்வுதான். ஒரு வீட்டுக்கும் அப்படி ஒருத்தி வேண்டும்.

கடைசியில் அண்ணியைப் பரிசோதித்த பெரிய மருத்துவர் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. தோள் எப்போதோ ஆறிவிட்டது, இறுகியது கட்டிவைத்ததால். மயக்கம் கொடுத்து ஒட்டலைப் பிரிக்கப் பார்க்கிறார்களாம். பழையபடி நீந்துவாளா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. என்னைக் கேட்டால், மாட்டாள்.

ஆனால் நீங்கள் வலது கையைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவள் பிடிவாதக்காரி. போன மாதம் ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, இடது கையாலேயே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "கத்துக்கொடுக்க வாய் போதும். கரையில நின்னு சொல்லிக்கொடுப்பேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் அவளை உட்காரவைத்து, ஒரு கையே எல்லாம் செய்தால் அதுவும் கெட்டுவிடும் என்று எடுத்துச் சொன்னேன். அன்றே அதற்கும் ஒரு தூளி கட்டினேன். பெரிய மருத்துவரிடம் போகும்வரை அவள் அதைக் கழற்றவில்லை. நான் கட்டாயப்படுத்தியதாக எழுதாதீர்கள். வலிக்கிறது என்று அவளே ஒப்புக்கொண்டாள். அதுவரை அவளுக்கு அந்த வலி தெரிந்திருக்கவில்லை. நான்தான் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.