நான்காவது டிஸ்க்கில் இருந்த கையெழுத்து

என் பெயர் அழகேசன். வயது 54. சிங்கப்பூரில் தோ பாயோ பகுதியில் எட்டாவது மாடி வீட்டில் மனைவி அனிதாவுடன் குடியிருக்கிறேன். லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளராக வேலை செய்கிறேன். இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

பழைய ரியாலிட்டி நிகழ்ச்சிகளின் டிவிடிகளைப் பதினாறு வருடமாகச் சேர்த்து வருகிறேன். எல்லாம் ஃபோனிலேயே கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்காது, தேடிப் பார்க்கட்டும். உள்ளூர்த் தமிழ்ப் பாட்டுப் போட்டி ஒன்றின் முதல் சீசனும் மூன்றாம் சீசனும் என்னிடம் இருந்தன. இரண்டாவதை மட்டும் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

சென்ற சனிக்கிழமை காலை சுமார் ஒன்பதரை மணிக்கு வேலைக்குப் போகக் கீழே இறங்கியபோது, லெட்டர் பாக்ஸ் பக்கத்தில் ஒரு உடைந்த மின்விசிறியும் அதன் மேல் அந்த இரண்டாம் சீசன் பெட்டியும் இருந்தன. எங்கள் பிளாக்கில் வேண்டாததை அங்கேதான் வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். அதனால் எடுத்தேன். ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீடு மாற்றும் லாரி ஒன்று பக்கத்திலேயே நின்றது. பெட்டி யாருடையது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கை நழுவிவிடுமோ என்றுதான் கேட்கவில்லை.

அதன் பிறகு சாயங்காலம் வீடு திரும்பி ஐந்து டிஸ்க்கையும் துடைக்க உட்கார்ந்தேன். நான்காவதின் மேல் கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: "அம்மா, இதுல நான் தோத்துடுவேன். மத்த நாலயும் பாருங்க. ஜெய்." படித்தேன். சிரிப்புகூட வந்தது. பேனா பட்ட டிஸ்க்கை எங்களைப் போலச் சேர்ப்பவர்கள் பழுதானது என்றுதான் சொல்வோம். அதனால் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அந்தக் கையெழுத்தை அழித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதன் பிறகு திங்கட்கிழமை காலை லிஃப்ட் கதவருகே ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்றாம் மாடி சாமுண்டீஸ்வரி அக்கா எழுதியது. கிளமெண்டியில் மகள் வீட்டுக்கு மாறிப் போகும்போது ஒரு நிமிடம் கீழே வைத்த பெட்டி காணவில்லை என்றும், மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன மகன் ஜெய் அதில் பாடியிருக்கிறான் என்றும், எடுத்தவர் கொடுத்துவிட்டால் ஒன்றும் கேட்கமாட்டேன் என்றும் இருந்தது. உடனே கொண்டுபோய்க் கொடுக்கும்படி அனிதா சொன்னாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். பெட்டியைக் கொடுக்கலாம், அழித்ததை எப்படிக் கொடுப்பது? அந்தத் தாளைப் பார்க்க முகமில்லாமல் மூன்று நாள் எட்டு மாடியும் படியிலேயே ஏறி இறங்கினேன்.

வியாழக்கிழமை மாலை, அக்கா கொடுத்த புகாரின் பேரில் லெட்டர் பாக்ஸ் பக்கத்துக் கேமரா பதிவைப் பார்த்துவிட்டுப் போலீஸ் அதிகாரி நிவேதிதா வீட்டுக்கு வந்தார். பெட்டியை ஒப்படைத்தேன். அதன் பிறகு ஸ்டேஷனுக்கு வந்த அக்கா பெட்டியைத் திறந்து நேராக நான்காவது டிஸ்க்கை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்து எங்க தம்பி?" என்றார். துடைத்துவிட்டேன் என்றேன். ஒரு வார்த்தையும் மறக்கவில்லை, பேனா கொடுத்தால் அப்படியே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"வேணாம்லா. அது உங்க எழுத்தாத்தானே இருக்கும்," என்றார்.

நான் செய்தது தப்பு. திங்கட்கிழமையே போயிருந்தால் அவர் ஒருவேளை திட்டியிருப்பார். இப்போது திட்டவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேலே உள்ளது அனைத்தும் நான் சொன்னபடியே உண்மை. அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். ஒரே ஒரு திருத்தம் கேட்டேன். ஸ்பிரிட்டால் அழித்ததைப் பற்றிச் சொன்ன இடத்தில் முதலில் 'கறை' என்று சொல்லியிருந்தேன். அதை அடித்துவிட்டுக் 'கையெழுத்து' என்று எழுதச் சொன்னேன். எழுதினார்.

(ஒப்பம்) அழகேசன்