குமரிச்செருப்புக்குத் தேன் இல்லை

காபி ஆறிவிடும், குடியுங்கள். ஏலக்காய் ரொட்டி இன்று காலையில் சுட்டதுதான். நான் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

நெடுநாளாக எனக்கு விடை தெரியாத ஒரு சின்னக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊசியிலைக் காட்டில், பாசிக்குள் குமரிச்செருப்பு என்றொரு பூ இருக்கிறது. விரல் உயரம், ஒரே இலை, ஒரே பூ. இளஞ்சிவப்பில் குழந்தையின் செருப்பைப் போல இருக்கும். மஞ்சள் மயிர் வைத்து, வாசனை வைத்து வண்டைக் கூப்பிடும். உள்ளே ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடையாது. பிறகு வண்டு ஏன் வருகிறது? ஒருமுறை ஏமாந்தது மறுமுறை வருமா?

சொத்துப் பிரித்தபோது, ஏரிக்கு அக்கரையில் இருக்கும் அந்தக் காடு என் தம்பி என்சியோவுக்குப் போனது. எனக்கு இந்த வீடு. அதில் எனக்கு மனக்குறை இல்லை, எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். போன இலையுதிர்காலத்தில் அவன் மரத்தை விற்றுவிட்டதாகச் சொன்னான். அங்கே இந்தப் பூ இருப்பதைச் சொன்னேன்.

"அக்கா, ஒரு செருப்புக்காக ஒரு காட்டையே பூட்டி வைக்கணுமா? கடைக்கு வா, ஜோடியாவே வாங்கித் தர்றேன்" என்றான்.

"கிண்டல் பண்ணாதடா. நிழல் போனா பாசி காஞ்சிரும். பாசி காஞ்சா அது செத்துரும்."

"அப்போ தொட்டியில புடுங்கி வச்சுக்கோ."

தொட்டியில் வராது. அதன் விதை தூசி மாதிரி, முளைப்பதற்கான சாப்பாடு அதற்குள் இல்லை. மண்ணில் ஓடும் ஒரு பூஞ்சை இழைதான் அதற்கு ஊட்ட வேண்டும். அந்த இழைக்கு அந்த மண் வேண்டும், மண்ணுக்கு அந்த நிழல் வேண்டும். ஒன்றை உருவினால் எல்லாம் சரிந்துவிடும். பூவைப் பறிக்கக் கூடாது என்று உங்கள் சட்டம் சொல்கிறது. அதன் தலைக்கு மேலிருக்கும் மரத்தைப் பற்றி அது வாயைத் திறப்பதில்லை.

இங்கே மரம் வெட்டுவது குளிர்காலத்தில்தான், நிலம் உறைந்த பிறகு. வெட்டும் இயந்திரம் காட்டுப்பாதை வழியாக அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை ஓட்டுகிறவன் மட்டும் இக்கரையில் தம்பியின் குடிலில் தங்கி, காலையில் பனிவண்டியில் ஏரியைக் கடக்க வேண்டும்.

ஏரியில் பாதை குறிப்பது என் வேலை. உறைந்ததும் துளை போட்டுப் பனிக்கட்டியின் தடிமன் பார்ப்பேன். தாங்கும் இடமாகப் பார்த்து ஊசியிலைக் கிளைகளை வரிசையாக நடுவேன். இருட்டிலும் பனிப்புயலிலும் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால் கரை வந்துவிடும். இந்தப் பக்கத்தில் கிளையைச் சந்தேகிக்கிறவர் யாரும் இல்லை. வரிசையின் வடக்கே ஏரி இடுங்கும் ஒரு கழுத்து இருக்கிறது. அடியில் நீரோட்டம் நிற்பதே இல்லை. மேலே பனி கம்பளி போர்த்தியதுபோலக் கிடப்பதால் குளிர் உள்ளே இறங்காது, கட்டி மெல்லியதாகவே இருக்கும். பார்த்தால் மற்ற இடங்களைப் போலத்தான்.

முதலில் தம்பியைத்தான் நினைத்தேன். ஆனால் அவன் அந்தக் கழுத்தில் தூண்டில் போட்டு வளர்ந்தவன். கிளை எங்கே நின்றாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பிறகு ஓஸ்கரி வந்தான். தெற்கிலிருந்து வந்த பையன், இயந்திரம் ஓட்டுகிறவன். தம்பி முதுகுவலி என்று நகரத்துக்குப் போயிருந்தான். அதனால் அன்று சாயங்காலம் பையனுக்கு நான்தான் மீன் அடை சுட்டுக் கொடுத்தேன். ருசித்துச் சாப்பிட்டான். சுவரில் பூவின் படத்தைப் பார்த்து விசாரித்தான். சொன்னேன்.

"இதுக்குத்தானா சண்டை? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, ரைலிம்மா. அதைச் சுத்தி ஒரு வட்டம் மரத்தை விட்டுட்டே வெட்டுறேன். உங்க தம்பிகிட்ட நானே பேசுறேன்."

நல்ல பையன். நான் ஒன்றும் ஒளிக்கவில்லை, பார்த்தீர்களா. ஆனால் ஒரு வட்டம் மரம் போதாது. நாலு பக்கமும் காற்று புகுந்தால் மரமும் சாயும், பாசியும் காயும். அது அவனுக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன்.

"காலையில ஏரியில வழி தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"நீங்க நட்ட கிளைங்கதானே? கண்ணை மூடிட்டுப் போவேன்" என்று சிரித்தான்.

எனக்கு இரவு முழுவதும் இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

அந்தக் குளிர்காலத்தில் பனிக்கட்டியில் நீங்கள் கண்ட அடிக்கட்டைகளைப் பற்றிக் கேட்டீர்கள். உறைந்த கிளையைப் பிடுங்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அதனால் பழைய வரிசையின் கட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. காற்று பனியை விலக்கிக் காட்டியிருக்கிறது. அது என் கவனக்குறைவு. வருத்தம் என்று கேட்டால் அது ஒன்றுதான்.

இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். நேற்றுதான் என்சியோ மர விற்பனையை ரத்துசெய்து, காட்டைக் காப்பகமாக எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டான். அந்தக் காட்டில் இனி யாரும் கோடரி வைக்க முடியாது. பையன் ஏரியில் மூழ்கிச் செத்த இடத்துக்கு எதிரே மரம் வெட்ட அவனுக்கு மனம் வரவில்லையாம். காட்டுக்கு ஓஸ்கரியின் பெயரை வைத்திருக்கிறான். பலகை அடித்துவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதான். நான் தட்டிக் கொடுத்தேன். இனி நீங்கள் என்னை எங்கே வைத்தாலும் சரி. பூ இந்த வாரம் பூத்துவிட்டது, போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு எது பெரியது என்று என்னிடம் சொல்லுங்கள்.

என் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. பழகிய வண்டு அந்தப் பூவுக்குத் திரும்ப வருவதில்லை. குளிர்காலத் தூக்கம் முடிந்து அப்போதுதான் வெளியே வந்த, இன்னும் ஒருமுறைகூட ஏமாறாத வண்டு போதும் அதற்கு. அதனால் ஓஸ்கரி வருவதற்கு முந்தைய மதியமே என் கிளைகளை அறுத்தெடுத்து, ஏரியின் கழுத்துக்குக் குறுக்கே வரிசையாக நட்டு வைத்தேன்.