கண்ணாடியைத் துடைத்தவள்

அந்தக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது மேடம். வழக்குச் சொத்து என்று எடுத்து வைத்தால் உங்கள் ஆட்கள் பாழாக்கிவிடுவார்கள். மெத்தென்ற வெல்வெட் துணி வேண்டும். அழுத்தாமல் துடைக்க வேண்டும். ஒன்பது வருடம் நான்தான் துடைத்தேன்.

பேர்தான் கண்ணாடி. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, நாள்கணக்கில் கையால் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது. சாதாரணக் கண்ணாடியில் விரலை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். இதில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். என் மாமனார் தேவர்சோலையில் டீ ஃபேக்டரி மெக்கானிக். ஓய்வு பெற்றபோது கூட வேலை செய்த மலையாளி ஒருவர் ஆறன்முளையிலிருந்து வாங்கிவந்து கொடுத்தார். உள்ளங்கை அகலம்தான். அன்றிலிருந்து எங்கள் பெர்ன்ஹில் வீட்டில் சித்திரை ஒன்றாம் தேதி கணி வைத்தால், பழம், கொன்றைப்பூ, நகைக்கெல்லாம் நடுவில் அதுதான் இருக்கும். கண் விழித்ததும் அதில் முகம் பார்த்தால் வருடம் நன்றாக இருக்கும் என்பார்கள்.

சுமங்கலிதான் அதைத் தொடலாம். மாமியார் ஆயம்மாள் வைத்த சட்டம். அவருக்கும் சேர்த்துத்தான் வைத்தார். மாமனார் போனதும் கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார்.

பிறகு என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து எஸ்டேட் ஜீப் கவிழ்ந்து இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பழக்கத்தில் துணியை எடுத்தேன்.

"அத வெச்சுரு லட்சுமி. இனி உனக்கு ஆகாது" என்றார் மாமியார்.

குரலைக்கூட உயர்த்தவில்லை. கொழுந்தன் வடிவேல் பக்கத்தில்தான் நின்றான். ஒன்றும் பேசவில்லை. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது.

கண்ணாடி இரண்டு வருடம் பீரோவில் கிடந்தது. வடிவேலுக்குக் கல்யாணமாகி கீர்த்தனா வந்தாள். நல்ல பெண், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எப்படித் துடைப்பதென்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார் மாமியார். தள்ளி நின்று வாயால் சொல்லிக்கொடுத்தேன். நாலு சித்திரை அப்படிப் போயிற்று. எல்லோரும் முகம் பார்த்து, கண்ணாடியை எடுத்து வைத்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

அதை உடைக்கவோ ஒளித்துவைக்கவோ நான் நினைத்ததே இல்லை. மூன்று பெண்களுக்கும் ஒரே நிலை என்றால் வீட்டில் ஒரு நியாயம் இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

போன ஜூலையில் வடிவேலுக்குக் காய்ச்சல். நாலு நாளாக விடாத மழை. கீர்த்தனா பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குப் போயிருந்தாள். மாமியார் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மத்தியானம் மாத்திரை போட்டுவிட்டுப் படுத்தவன், "அண்ணி, குளுரு தாங்கலீங்க. கொஞ்சம் கரி போட்டுக் குடுங்க" என்றான்.

கரி அடுப்பை அறைக்குள் வைத்தால் ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வைக்க வேண்டும். மூடினால் கரிக்காற்று ஆளைக் கொல்லும் என்று ஊட்டியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் இரண்டு ஜன்னலையும் கொண்டி போட்டேன். அவனுக்குப் போர்த்திவிட்டேன். வெளியே வந்து கதவைச் சாத்தி, அடியில் சாக்கை மடித்துத் திணித்தேன். அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். ஒரு தடவை "அண்ணி" என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. மழைச் சத்தமாகவும் இருக்கலாம். இரண்டு மணி நேரம் கழித்துச் சாக்கை எடுத்துக் கொல்லையில் போட்டேன். குளிருக்கு அவனே ஜன்னலைச் சாத்திக்கொண்டான் என்று எல்லோரும் நம்பினார்கள். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

இந்தச் சித்திரைக்குக் கணி இருக்காது என்று நினைத்தேன். விடிந்து பார்த்தால் வைத்திருந்தது. கீர்த்தனா நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் பக்கத்திலேயே இருந்தார்.

"நீயும் வா லட்சுமி" என்றார். "உனக்கு நான் பண்ணுனது பாவம். அண்ணிதான் கணி வெக்கோணும்னு வடிவேலு வருசா வருசம் எங்கூடச் சண்டை போட்டான். நாந்தான் கேக்கல. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிப்போட்டேன்."

கீர்த்தனா துணியை என்னிடம் நீட்டினாள். வாங்கித் துடைத்தேன்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் என் மேல் உயிராக இருக்கிறார்கள். முதல் காப்பி எனக்குத்தான் வருகிறது. யாரும் பார்க்காமல் அதைக் கொல்லையில் ஊற்றிவிடுகிறேன். அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வடிவேலைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்து என்று சொல்லுங்கள், போடுகிறேன். இதை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: எனக்காகப் பேசினானே, அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது அவன் தப்பு.