புளிப்பு ஜாஸ்தி

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். மடியில் எலுமிச்சம்பழப் பையை வைத்திருந்தவர் சொன்னார்:

"நாலு வாரமா விஸ்கி கலக்குறேன் மச்சான். ஒரு சொட்டு வாயில வெக்கல."

"அப்ப யாரு குடிக்கிறா?"

"சிங்க்லதான் கொட்டுறேன். நான்தான் குடிக்கிறதில்லயே."

"அடப்பாவி! என்னக் கூப்புட்டிருக்கலாம்ல?"

"கனடாவுலேர்ந்து பையன் போன் பண்ணா ரெண்டே நிமிஷம்தான் பேசுவான். எலுமிச்ச புழிஞ்சி, சக்கர போட்டு, விஸ்கி எப்பிடிடா கலக்குறதுன்னு கேட்டேன். வீடியோவுல அர மணி நேரம் நின்னு சொல்லிக்குடுத்தான்."

"நாலு வாரமாவா ஒனக்கு வரல?"

"மொத வாரமே வந்துடுச்சி. அவன்கிட்டதான் ஒவ்வொரு வாரமும், புளிப்பு ஜாஸ்தியாயிடுச்சிடான்னு சொல்றேன்."