இனாஸின் இடது கை

“பவுடர் இல்லாம கோதம்ப மாவத் தூவி ஆடின காலம் அது நானா. அத இவன்ட ஆட்டத்தோட எப்பிடிச் சேத்துப் பாக்குற?”

“மாவுலதான்டா ஆடினன். ஏழு வருஷம் ஸ்ட்ரைக்கர் எண்ட வீட்டுலதான் கெடந்திச்சி. ஒண்ட ஆளயும் மாவுல ஆடச் சொல்லு, பாப்பம்.”

“ஏழு வருஷம் வச்சிருந்தீங்க, சரி. பொறகு பள்ளிக்கூடப் பொடியன்மாருக்கும் தோத்தீங்கதானே.”

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறும் தின்றுவிட்டு, நான் எங்கள் கெரம் கிளப்புக்குப் போனபோது உள்ளே நடந்த சண்டை இது. வாசலில் செருப்பைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டு நின்றேன். மாவில் ஆடியவர் எங்கள் எல்லோருக்கும் மூத்த மஸாஹிர் நானா. வயது அறுபத்தைந்து. தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் அவரை அடிக்க ஆள் இருக்கவில்லை. எதிர்த்துப் பேசியது தலவில ஊர் ஜோர்ஜ். எங்களோடு கரைவலை வேலைக்கு வருபவன். இப்போது ஆடுகிற றிஸ்மினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான்.

கடைசிப் பேச்சைக் கேட்டதும் மஸாஹிர் நானா கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

என் பெயர் ஜௌபர். ஊர் மாம்புரி. வயது ஐம்பத்து மூன்று. கரைவலைக்கு ட்ரெக்டர் ஓட்டுகிறேன். இந்த பேஸ்புக் குழுவில் நான் எழுதுவது குறைவு, மற்றவர்கள் போடும் ஆட்டங்களைப் பார்ப்பதோடு சரி. எந்தக் காலத்து ஆட்டக்காரன் பெரியவன் என்று இங்கேயும் பத்து நாளாக அடிபடுகிறீர்கள். படித்துப் படித்து எனக்குக் களைத்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் கிளப்பில் கப் கிடையாது. பழைய ஸ்ட்ரைக்கர் ஒன்று இருக்கிறது, தந்த நிறம், ஓரத்தில் சின்னதாக ஒரு வெடிப்பு. அதை வென்றவன் வீட்டுக்குக் கொண்டுபோவான். இன்னொருவன் தன்னைத் தோற்கடிக்கும்வரை அது அவன் வீட்டில்தான். தோற்றால் தன் கையாலேயே அதை மற்றவன் கையில் வைக்க வேண்டும். வேறு வழியில் அது கைமாறாது. மஸாஹிர் நானா அப்படி ஒரு நாள் கொடுத்தார். அதன் பிறகும் பத்து வருஷம் ஆட வந்தார். கை நடுங்க நடுங்க வந்தார். வாட்டசாட்டமாக இருந்து ஆடிய மனுஷன், மீசை முளைக்காத பிள்ளைகளிடம் தோற்றுவிட்டு, காற்றுப் பட்டு கெரம் போட் ஊதிவிட்டது என்று சொல்லிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் ஜோர்ஜ் மாதிரி ஆட்களுக்கு ஞாபகம் வருவது அந்தப் பத்து வருஷம்தான்.

2009இல் ஸ்ட்ரைக்கர் இனாஸிடம் வந்தது. இனாஸ் என்னைவிடப் பதினொரு வயது இளையவன். எங்கள் வலையில்தான் வேலை செய்தான். கடற்கரை ஊரில் போட் ஒரு நாளும் ஒரே மாதிரி இருக்காது, ஈரக் காற்றுக்கு ஒரு மூலை இழுக்கும், ஒரு மூலை வழுக்கும். இனாஸ் ஆட உட்கார்ந்தால் முதலில் புறங்கையால் போட்டை ஒரு தடவு தடவுவான். எந்த மூலை ஈரம் குடித்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். றிஸ்மின் போனில் வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவன், கண்ணாடி மாதிரிப் போட்டில் ஆடுபவன். அவனும் கெட்டிக்காரன்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் இரண்டு பேரை ஒப்பிடுவதென்றால் இரண்டு பேரும் உச்சத்தில் நின்ற நாளை எடுக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல். உச்சத்தில் நின்றவன் அங்கேயே நிற்பதில்லை. அவன் இறங்கி வருவதைச் சனம் பார்த்துவிடுகிறது, பிறகு அதைத்தான் பேசுகிறது. எனக்குத் தெரிந்து இனாஸ் ஒருவனுக்குத்தான் இறக்கம் இல்லை. ஐந்து வருஷம் யாருக்கும் தோற்காமல் இருந்து, அப்படியே நின்றுபோனான். அது அவன் விதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். விதி இல்லை.

2014 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் அவனும் ஆடினோம். அந்தக் காலத்தில் இனாஸுக்கு அடுத்தது யார் என்றால் ஜௌபர் என்றுதான் சொல்வார்கள். நூறு ஆட்டத்துக்கு மேல் அவனிடம் தோற்றிருக்கிறேன். எனக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை, யாருக்குமே தோற்காதவனிடம் தோற்பதில் என்ன வெட்கம். அன்றைக்கு அவன் குழி வாயில் கிடந்த காயை விட்டான். இன்னொரு முறையும் விட்டான். ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் முன் அவன் ஆள்காட்டி விரல் நடுங்கியதை நான் கண்டேன். மற்ற யாரும் காணவில்லை. என் முறை வந்தது. ஒரு காய் போட்டால் நான் வென்றுவிடுவேன். நான் வேண்டுமென்றே ஸ்ட்ரைக்கரையே குழிக்குள் தள்ளிவிட்டேன், அது தப்பாட்டம், முறை அவனுக்குப் போனது. இனாஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு வேறு வழி இல்லாமல் ஆட்டத்தை வென்று முடித்தான்.

அன்றைக்கு நான் காப்பாற்றிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு யாராவது அவனை அடிப்பான். அதற்கடுத்த கிழமை இன்னொருவன். நூறு ஆட்டம் அவனிடம் தோற்ற நான் பிறகு என்ன ஆவேன் என்றும் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அதிகம் யோசித்தது அவனைப் பற்றித்தான்.

செவ்வாய்க்கிழமை வலை இழுத்தோம். கரைவலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்பு இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் இழுத்தார்கள், இப்போது ட்ரெக்டரின் பின்னால் பூட்டிய வின்ச் உருளை சுற்றி இழுக்கிறது. ஒருவன் உருளைக்குப் பக்கத்தில் நின்று, வருகிற கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வலது கையால் ஒதுக்கிவிடுவான். ட்ரெக்டரில் இருப்பவன் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அலைச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. அவன் இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். கிளச்சை மிதித்தால் உருளை நின்றுவிடும்.

அன்றைக்குக் கயிறு ஒதுக்கியது இனாஸ். கையில் சுற்றியிருந்த துணி கயிற்றோடு சேர்ந்து மாட்டியது. அவன் இடது கையைத் தூக்கினான்.

நான் பார்த்தேன். என் கால் கிளச்சின் மேல்தான் இருந்தது.

உருளை மூன்று சுற்றுச் சுற்றிய பிறகு மிதித்தேன். முதல் சுற்றில் நிறுத்தியிருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும். ஆனால் இரண்டு விரல் போனவன் திரும்பவும் ஆட வருவான். மிச்ச விரலால் ஆடித் தோற்பான். அது எனக்கு அப்போதே தெரிந்தது. திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொல்ல முடியாது. துணி மாட்டும் என்று நான் கண்டேனா. மாட்டியது, நான் பொறுத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். விசாரித்தவர்களிடம் கண்ணில் வெயில் அடித்தது, கையைக் காணவில்லை என்று சொன்னேன். காலை ஒன்பது மணி. எங்கள் கடல் இருப்பது மேற்கே. கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பவன் கண்ணில் அந்த நேரம் வெயில் எங்கிருந்து வரும்? கரையில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இனாஸும் பதினாலு வயதிலிருந்து அந்தக் கரையில் நிற்பவன். இன்றுவரை கேட்டதில்லை.

இப்போது அவனும் மனைவி அஸ்ரியாவும் பஸ் நிற்கிற இடத்தில் ரொட்டிக் கடை போட்டிருக்கிறார்கள். கடைக்குக் கூரை போட்டுக் கொடுத்தது நான். ஒவ்வொரு நாளும் காலையில் அங்கேதான் தேத்தண்ணி குடிக்கிறேன். அஸ்ரியா மாவைக் குழைப்பாள், அவன் ஒற்றைக் கையால் ரொட்டியைப் புரட்டுவான். யாராவது வெளியூர் ஆள் வந்தால் நான்தான் சொல்வேன், இவர் யார் தெரியுமா, இவரை ஒருவரும் தோற்கடித்ததில்லை என்று. அவன் தலையைக் குனிந்துகொள்வான். சந்தோஷத்தில் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மஸாஹிர் நானா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த நேரம் இனாஸ் உள்ளே வந்தான். கிளப்புக்கு அவன் வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும். சட்டைப் பையிலிருந்து அந்த ஸ்ட்ரைக்கரை எடுத்து மேசையில் வைத்தான். றிஸ்மின் எல்லோரையும் அடித்துவிட்டான், ஆனாலும் ஸ்ட்ரைக்கர் இன்னும் அஸ்ரியாவின் அலுமாரியில் கிடக்கிறது, தான் தோற்காமல் அதைக் கொடுக்கவும் முடியாது, அதனால் இப்போது றிஸ்மினோடு ஆட வேண்டும் என்றான். எந்தக் கையால் என்று யாரோ கேட்டார்கள்.

“ஈக்கிற கையாலதான்” என்றான்.

நான் வேண்டாம் என்றேன். இதை ஆட்டமாக எடுக்க முடியாது என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. மஸாஹிர் நானாதான் முதல் ஆளாகக் கதிரையை இழுத்துப் போட்டார்.

இனாஸ் இடது புறங்கையால் போட்டைத் தடவினான். பிறகு ஆடினான். ஸ்ட்ரைக்கர் அவன் சொன்னதைக் கேட்கவில்லை, காய் எல்லாம் சிதறியது. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். ஜோர்ஜ் போனில் வீடியோ எடுத்தான். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. தோற்றுவிட்டு, ஸ்ட்ரைக்கரை எடுத்து றிஸ்மினின் கையில் வைத்து, அவன் தலையைத் தடவினான். அவ்வளவு இலேசான முகத்தோடு நான் அவனை முன்பு கண்டதில்லை. நான் இத்தனை வருஷம் காத்து வைத்திருந்ததை அவன் இருபது நிமிஷத்தில் கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்குச் சேர்ந்துதான் நடந்தோம். ஏன் இப்படிச் செய்தாய், உன் பெயர் என்ன ஆவது என்று கேட்டேன்.

“பேர வச்சு என்ன நானா செய்ற. அலுமாரியத் தொறக்குற நேரமெல்லாம் அது என்னப் பாத்துக்கிட்டு கெடக்குது” என்றான். கொஞ்சத் தூரம் போன பிறகு, “ஒங்களுக்கிட்ட ஒண்டு சொல்லாம இருந்துட்டன். கை போற கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழம ஆடினமே, ஞாபகமா? நான் தோக்கத்தான் பாத்தன். கட்டாருக்கு விசா வந்திருந்திச்சி. போறதுக்கு முந்தி ஸ்ட்ரைக்கர ஒங்கட கையில குடுத்துட்டுப் போவமெண்டுதான் ரெண்டு காய வேணுமெண்டு விட்டன். நீங்க ஸ்ட்ரைக்கரையே குழிக்குள்ள போட்டுட்டீங்க.”

நாலு நாளாக இதையே யோசிக்கிறேன். நித்திரை சரியாக இல்லை. இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனாஸ் நல்ல மனம் உள்ளவன், ஆட்கள் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று கதைப்பவன். அவன் விரல் நடுங்கியது உண்மை, என் கண்ணால் கண்டது. நான் கண்டதை வைத்துத்தான் செய்தேன்.

இன்னொரு விஷயம். அந்த ஆட்டத்தின் நடுவில் றிஸ்மின் குழி வாயில் கிடந்த வெள்ளைக் காய் ஒன்றை விட்டான். இனாஸ் நானாவுக்கு மரியாதைக்கு விட்டான் என்று கிளப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இருபத்தாறு வயது. இப்போது யாருக்கும் தோற்காதவன் அவன் ஒருவன்தான்.

சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை இந்தப் பருவத்தின் முதல் வலை. கயிறு ஒதுக்குவதற்கு றிஸ்மின் வருகிறான். அவனே வந்து கேட்டான், நானும் வரச் சொல்லிவிட்டேன்.

எனக்கு இப்போது பார்வை முன்பு மாதிரி இல்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். அன்றைக்குக் கிளப்பில் இருந்தவர்களும், ஜோர்ஜ் போட்ட வீடியோவைப் பார்த்தவர்களும் தயவுசெய்து கீழே எழுதுங்கள். அந்த வெள்ளைக் காயை விட்ட நேரம் றிஸ்மினின் விரல் நடுங்கியதா, இல்லையா? திங்கட்கிழமைக்கு முன் எழுதுங்கள்.